பெட்டியோடு கிடக்கும் பழைய அவுட்போர்டு மோட்டார்: என்ன விலை சொல்லலாம்?

கேள்வி, ஜூன் 4

மாமனார் வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது. உள்ளே படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்: ஜான்சன் சீ ஹார்ஸ், 3 குதிரைத்திறன். தகட்டில் ஜேடபிள்யூ என்று தொடங்கும் எண். வாங்கி வைத்ததோடு சரி, தண்ணீரில் இறக்கவே இல்லை என்கிறார் மாமியார். கையேடும் இருக்கிறது. 60 ஆண்டுப் பழசு, ஆனால் புத்தம் புதுசு. அப்படியென்றால் இன்று கடையில் விற்கும் புது மோட்டாரின் விலையாவது வரும்தானே? பழம்பொருள் என்று சொல்லி அதற்கு மேலும் கேட்கலாமா?

ஜூன் 4, இரவு

வராது. புது மோட்டார் விலையை இதோடு சேர்த்துப் பேசவே வேண்டாம். இன்று புதிதாக வாங்குகிறவர் உத்தரவாதம், கடையில் கிடைக்கும் உதிரிபாகம், புகையில்லாத நாலு ஸ்ட்ரோக், குறைந்த பெட்ரோல் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார். உங்களிடம் இருப்பது எண்ணெய் கலந்த பெட்ரோல் குடிக்கும் இரண்டு ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், மொத்தமே சுமார் 86 சி.சி. கியர் மாற்றும் வசதி கிடையாது. படகு பின்னால் போக வேண்டுமென்றால் மோட்டாரையே முழுதாகத் திருப்ப வேண்டும். ஒப்பிட வேண்டியது ஓடும் நிலையில் இருக்கும் இன்னொரு ஜேடபிள்யூவோடு. அது போகும் விலையில் ஒன்றரை மடங்கு கேளுங்கள். முடிந்தது.

ஜூன் 5, காலை

முடியவில்லை. காலையில் எழுந்து நான் எழுதியதையே படித்தால், கேள்வியில் இருக்கும் முக்கியமான சொல்லைத் தாண்டிக் குதித்திருக்கிறேன். "இறக்கவே இல்லை." இப்போதைக்கு இது மாமியாரின் வாக்கு. எனக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை, ஆனால் வாங்க வருகிறவருக்கு உங்கள் மாமியாரைத் தெரியாது. அவர் மோட்டாரைத்தான் விசாரிப்பார். மோட்டாரும் மறைக்காமல் பதில் சொல்லிவிடும்.

அவர் எங்கெல்லாம் பார்ப்பார் என்று சொல்கிறேன், நீங்கள் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகின் பின்பலகையில் மாட்டும் கிளாம்ப். அதன் இரண்டு திருகு முனையிலும் வட்டமான தட்டு இருக்கும். ஒரே ஒரு தடவை பலகையில் இறுக்கினாலும் அந்தத் தட்டில் பெயிண்ட் வட்டமாகத் தேயும். பழைய மோட்டார் சேர்ப்பவர்கள் கவரைத் திறப்பதற்கு முன்னால் குனிந்து பார்ப்பது இதைத்தான். பக்கத்திலேயே, மோட்டாரின் சாய்வை மாற்றச் சொருகும் பின்னுக்கான துளைகள் இருக்கும். அந்தத் துளைகளின் உள் ஓரத்தில் பெயிண்ட் அப்படியே இருந்தால் மிக நல்லது. ஒரு துளையில் மட்டும் தேய்ந்திருந்தால் அங்கேதான் அந்தப் பின் இருந்து வேலை செய்திருக்கிறது.

அப்புறம் புரொப்பல்லர். இலைகளின் முன்விளிம்பில் பெயிண்ட் இருக்கிறதா? ஓடுகிற தண்ணீரில் இருக்கும் பொடி மணலே அந்த விளிம்பைச் சுரண்டிவிடும், கல்லில் மோத வேண்டியதே இல்லை. புரொப்பல்லரைக் கழற்றினால் ஷியர் பின் தெரியும். எதிலாவது முட்டினால் கியர் உடையாமல் இருக்க, தானே அறுந்துபோகிற மெல்லிய பின். சுமை ஏறி ஓடியிருந்தால் அதில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும்.

திருகுகளின் பள்ளத்தைப் பாருங்கள். ஆலையில் பெயிண்ட் அடித்த திருகுத் தலையில், பள்ளத்துக்குள்ளும் பெயிண்ட் உடையாமல் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் ஒரு முறை பட்டால் போதும், உலோகம் பளிச்சென்று தெரியும். ஓட்டாத மோட்டாரையும் யாராவது ஆர்வத்தில் திறந்திருக்கலாம், அதனால் இது ஓட்டியதற்குச் சாட்சி ஆகாது. திறந்ததற்குச் சாட்சி.

டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். பெட்ரோலை ஊற்றி அப்படியே விட்டுவிட்ட டேங்கில் அடியில் பழுப்பாக, அரக்கு பூசியது மாதிரி ஒரு படலம் இருக்கும். ஒரு மாதிரி புளித்த நாற்றமும் அடிக்கும். அந்த நாற்றத்தை ஒரு தடவை முகர்ந்தவர் மறக்க மாட்டார்.

ஜூன் 5, மதியம்

புகைக்குழாய் வாயில் லேசாகக் கரி தெரிகிறது, அப்படியென்றால் மாமனார் ஓட்டியிருக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். ஆலையிலேயே தொட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் போடும் வழக்கம் இருந்தது. விரலில் ஒட்டுகிற மெல்லிய கரி அதனால் வந்திருக்கலாம். கட்டி கட்டியாகப் படிந்திருந்தால்தான் கதை வேறு.

ஜூன் 6

எனக்கு இந்தப் பாடம் எப்படி வந்தது என்று ஒருவர் சீண்டியிருக்கிறார். சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் நானும் ஓட்டாத மோட்டார் ஒன்று வாங்கினேன். விற்றவர் மோட்டார்மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கிய விதத்திலேயே பாதி மயங்கிவிட்டேன். பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. "சார், வெயில்கூடப் பட்டதில்லை" என்றார். வீட்டுக்கு வந்து புரொப்பல்லரைக் கழற்றினேன். ஷியர் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஆணி. தலையை வெட்டிவிட்டுச் சொருகியிருந்தார்கள். ஒரிஜினல் பின் எப்போதோ எதிலோ மோதி அறுந்திருக்கிறது, கையில் வேறு பின் இல்லாமல் யாரோ தண்ணீரின் நடுவில் ஆணியைப் போட்டுக் கரை சேர்ந்திருக்கிறார். அந்தப் பெயிண்டும் புதிதாக அடித்ததுதான். ரப்பர்மேல் பெயிண்ட் துளிகள் இருந்தன. எண் தகட்டின் ஓரத்தில் ஒட்டுநாடா வைத்து மறைத்துவிட்டு அடித்த கோடு நேராகத் தெரிந்தது. இரண்டையும் வாங்கும்போதே பார்த்திருக்கலாம். துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆணி இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

ஜூன் 7

எண்ணைப் பற்றி. ஜேடபிள்யூவுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் ஆண்டு இல்லை, மாடலின் வரிசை. அதை 19-க்குப் பின்னால் ஒட்டி ஆண்டு என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் ஏராளம், நீங்கள் போடாதீர்கள். பழைய மோட்டார் சேர்ப்பவர்கள் மாடல் எண்ணையும் ஆண்டையும் பொருத்திப் பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டைத் தப்பாகச் சொன்னால், மற்றதெல்லாம் உண்மையாக இருந்தாலும் வருகிறவருக்கு நம்பிக்கை போய்விடும்.

இன்னொரு உபயோகமான விஷயம். ஜான்சனும் எவின்ரூடும் 1930-களின் நடுவிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே வந்தவை. 1936-லிருந்து அவுட்போர்டு மரைன் அண்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி, பின்னாளில் அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன், சுருக்கமாக ஓஎம்சி. உங்கள் 3 குதிரைத்திறன் ஜான்சனுக்கு எவின்ரூடில் லைட்வின் என்று ஒரு கூடப்பிறந்தது உண்டு. கவரும் நிறமும் வேறு, உள்ளே பெரும்பாலும் ஒன்றே. ஜேடபிள்யூ விற்ற விலை போதுமான அளவு கிடைக்காவிட்டால் லைட்வின் விற்ற விலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ஒரு விற்பனையை வைத்து விலை போடுவது மழை ஒரு நாள் பெய்ததை வைத்துப் பருவம் சொல்வது மாதிரி.

ஜூன் 7, இரவு

கம்பெனியே இல்லாமல் போய்விட்டதே, அதனால் விலை ஏறியிருக்குமே என்று கேட்கிறார் வேறொருவர். ஓஎம்சி 2000 டிசம்பரில் திவாலானது. பெயர்களை வேறு நிறுவனம் வாங்கியது, எவின்ரூட் அவுட்போர்டு தயாரிப்பும் 2020-ல் நின்றது. எனக்குத் தெரிந்து அதனால் இந்தச் சின்ன மோட்டார்களின் விலை அசையவே இல்லை. லட்சக்கணக்கில் செய்து தள்ளியவை இவை. ஆலை மூடினாலும் பரண்கள் மூடவில்லை.

(ஓலே எவின்ரூட் ஐஸ்கிரீமுக்காகத்தான் மோட்டார் கண்டுபிடித்தார் என்ற கதையை யாராவது இங்கே போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கத் துடுப்புப் போட்டுப் போனாராம், திரும்பி வருவதற்குள் உருகிவிட்டதாம். 1909-ல் மோட்டார் விற்பனைக்கு வந்தது. கதை அழகாக இருக்கிறது. ஆனால் அவருக்கு முன்பே வாட்டர்மேன் என்பவர் இப்படி ஒரு மோட்டாரை விற்றுக்கொண்டிருந்தார். அவர் என்ன உருகிப்போய்ச் செய்தார் என்று யாரும் சொல்வதில்லை.)

ஜூன் 9

இப்போது என் ஒன்றரை மடங்குக்கு வருகிறேன். அதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

ஓட்டாத மோட்டார் என்றால் ஓடுகிற மோட்டாரைவிட மேல் என்று நானும் வாய்க்கு வந்தபடி எடுத்துக்கொண்டேன். படகில் மாட்டி மீன் பிடிக்கப் போகிறவரின் இடத்திலிருந்து பாருங்கள். ஓடுகிற மோட்டாரை அவர் நாளைக் காலையே மாட்டலாம். உங்களுடையதை மாட்ட முடியாது. பெட்டிக்குள் 60 வருடம் சும்மா இருந்ததாக நமக்குத் தோன்றுகிறது, ரப்பர் சும்மா இருக்கவில்லை.

மோட்டாரைக் குளிரவைக்கும் தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது. அதன் இதழ்கள் ஒரு பக்கமாக மடங்கிய நிலையில்தான் கூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அதே மடிப்பில் இத்தனை வருடம் இருந்தால் அப்படியே விறைத்துப்போகும். மோட்டார் சுழன்றாலும் தண்ணீர் மேலே ஏறாது. இரண்டு நிமிடத்தில் சூடேறிவிடும். ஓட்டிய மோட்டாரில் இந்த இம்பெல்லரை நடுவில் யாராவது மாற்றியிருப்பார்கள். ஓட்டாததில் யார் மாற்றினார்?

அடுத்தது ஃப்ளைவீல் என்ற மேல் சக்கரத்துக்கு அடியில் இருந்து பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில். அந்தக் காலத்து ஓஎம்சி மோட்டார்களில் காயிலின் மேல்பூச்சு வெடிப்பது எல்லாருக்கும் தெரிந்த வியாதி. ஓட்டினாலும் வெடிக்கும், ஓட்டாவிட்டாலும் வெடிக்கும். வெடிப்பு வழியாக மின்சாரம் கசிந்துவிடும், பிளக்கில் பொறி வராது. புதுக் காயில் இன்றும் செய்து விற்கிறார்கள், அது ஒரு ஆறுதல். பாயிண்ட் முனைகளில் படலம் படிந்திருக்கும், அது துடைத்தால் போகும்.

கார்புரேட்டருக்குள் மிதவை தக்கையால் ஆனது. பெட்ரோல் ஊறாமல் இருக்க அதன்மேல் அரக்குப் பூசியிருப்பார்கள். இப்போது பல நாடுகளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். பழைய மிதவை பெட்ரோலைக் குடித்து மூழ்க ஆரம்பிக்கும், கார்புரேட்டர் வழியும். "புதுசுதானே" என்று பெட்ரோலை ஊற்றிக் கயிற்றை இழுத்தால் முதல் நாளே படகெல்லாம் பெட்ரோல்.

இதோடு கேஸ்கெட், ஆயில் சீல், ஸ்டார்ட்டர் கயிறு. ஒவ்வொன்றும் சின்னச் செலவுதான், சேர்த்தால் சின்னதில்லை. ஆக, ஓட்டுவதற்காக வாங்குகிறவர் ஓடும் மோட்டாரின் விலையில் இந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுவார். அவரிடம் ஒன்றரை மடங்கு கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

ஜூன் 9, இரவு

"அப்படியென்றால் நானே இதெல்லாம் மாற்றி, ஓட்டிக் காட்டி விற்றுவிடுகிறேனே?"

செய்யலாம். செய்த நிமிடத்திலிருந்து அது ஓட்டாத மோட்டார் இல்லை. காயிலைப் பார்க்க ஃப்ளைவீலைக் கழற்ற வேண்டும், நட்டில் ஸ்பேனர் தடம் விழும். பம்பைத் திறக்க அடிப்பகுதியைப் பிரிக்க வேண்டும், திருகுப் பள்ளத்தில் பெயிண்ட் போகும். கிளாம்பை இறுக்க வேண்டும், வட்டத் தழும்பு வரும். ஓடுகிறது என்று நிரூபிப்பதற்குள் ஓட்டவில்லை என்பதற்கான சாட்சி எல்லாம் கலைந்துவிடும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை எழுந்து நடந்தால் விலை குறைகிறது!

ஜூன் 12

மூன்று நாளாக ஆளைக் காணோமே என்று கேட்டவருக்கு: இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரே மோட்டாருக்கு ஒரே விலை தேடுவதால்தான் குழப்பம். யார் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து இதற்கு மூன்று விலை.

ஓட்ட வாங்குகிறவர். ஓடும் ஜேடபிள்யூ 100 என்றால், என் கணக்கில் அவர் உங்களுக்கு 60, 70 தருவார். இது என் அனுபவக் கணக்கு மட்டுமே.

உதிரிக்கு வாங்குகிறவர். கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கவர், புரொப்பல்லர், டேங்க், ஒட்டுப்படங்கள், கைப்பிடி என்று தனித்தனியாகப் போட்டால் கூட்டுத்தொகை சில சமயம் முழு மோட்டாரைவிட அதிகம் வரும். கீறல் இல்லாத கவருக்கு ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் முழுசாக இருக்கும் ஒன்றைப் பிரித்துப் போடுவது எனக்கு மனசுக்கு ஒப்பாது. விலைக் கணக்கில் அதற்கு இடமில்லை என்பதும் தெரியும்.

மூன்றாவது ஆள் சேகரிப்பவர். அவருக்கு மோட்டார் ஓட வேண்டாம். அவரிடம் ஓடுவது ஏற்கெனவே நாலு இருக்கும். அவருக்கு வேண்டியது ஆலையிலிருந்து வந்த நாளில் இது எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. அசல் பெயிண்டின் நிறம், எந்தத் திருகு எந்த ரகம், கேபிளை எப்படி மடக்கி வைத்தார்கள், ஒட்டுப்படம் எத்தனை விரல் தள்ளி இருந்தது என்று. அவர் தன்னுடைய நாலையும் புதுப்பிக்கும்போது இதைப் பார்த்துத்தான் செய்வார். அவரிடம் 200 கேட்கலாம், பெட்டியும் காகிதங்களும் முழுசாக இருந்தால் அதற்கு மேலும். ஆனால் அப்படிப்பட்டவர் பத்துப் பேரில் ஒருவர். அவர் வரும்வரை காத்திருக்கும் பொறுமைக்கும் சேர்த்துத்தான் அந்த 200.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

சேகரிப்பவர் என்றதும் எல்லா மோட்டாருக்கும் இப்படி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பழசு என்பதும் அரிது என்பதும் ஒன்றில்லை. அரிதாகவே இருந்தாலும், ஆசைப்பட ஆள் வேண்டும்.

பந்தய மோட்டார்களுக்கு ஆள் உண்டு. மெர்குரி என்ற இன்னொரு கம்பெனியின் கேஜி-7 மாதிரி ஒன்று என்றால், ஓட்டாதது என்ற சொல்லே தேவையில்லை, துருப்பிடித்து வந்தாலும் சண்டை போட்டு வாங்குவார்கள். மெர்குரி 1957 மாடலாக விட்ட மார்க் 75, ஒரே வரிசையில் 6 சிலிண்டர், 60 குதிரைத்திறன். அதற்கும் தனிக் கூட்டம். சின்ன மோட்டார்களுக்கும் கேட்பு குறைவதில்லை, காரணம் சாதாரணம்: ஒரு ஆள் தூக்கலாம். உங்களுடையது சுமார் 15 கிலோ, அலமாரியில் வைக்கலாம், பார்சலில் அனுப்பலாம்.

பரிதாபத்துக்குரியவை நடுவில் மாட்டிக்கொண்டவை. 1960-களின் 40 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று புத்தம் புதிதாகவே கிடைத்தாலும் தூக்க இரண்டு ஆள், வைக்கத் தனி இடம், ஓட்டினால் பெட்ரோல் பேய். அதேபோல அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனங்கள் தங்கள் பெயரில் விற்றவை: சியர்ஸின் எல்ஜின், மான்ட்கமரி வார்டின் சீ கிங், வெஸ்டர்ன் ஆட்டோவின் விஸார்ட். ஆரம்பகால விஸார்டுக்குள் இருப்பது மெர்குரிக்காரர் கீக்ஹேஃபர் செய்த மோட்டார்தான், இருந்தாலும் கவரில் மெர்குரி என்று இல்லாததால் விலை இறங்கும். நியாயமில்லை. நான் வாங்கும்போது மட்டும் நியாயமாகத் தோன்றும்.

ஜூன் 13

விற்பனை விளம்பரங்களில் இதே மோட்டாருக்கு எக்கச்சக்கமான விலை போட்டிருக்கிறார்களே என்கிறீர்கள். அது கேட்கிற விலை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்த விளம்பரம் எத்தனை மாதமாக அங்கேயே இருக்கிறது என்று பாருங்கள். ஏலத்தில் முடிந்த விலை, கைமாறிய விலை, இவை மட்டும்தான் கணக்கு. விலைப் பட்டியல் புத்தகங்களும் இந்த வயசு மோட்டாருக்கு உதவாது, அவை கடைக்காரர்கள் அண்மைக்கால மோட்டாரை எக்ஸ்சேஞ்சில் எடுக்கும்போது பார்ப்பதற்காகப் போடப்பட்டவை. மாமனாரின் பழைய ரசீது கிடைத்தால், அதில் இருக்கும் தொகையைப் பணவீக்கத்தால் பெருக்கிக்கொண்டு வராதீர்கள். ரசீதுக்கு மதிப்பு உண்டு, அதில் எழுதிய தொகைக்காக இல்லை, அதில் இருக்கும் தேதிக்காக.

ஜூன் 14

பக்கத்துக் கேள்விகள் சேர்ந்துவிட்டன, சுருக்கமாக.

பிரிட்டிஷ் சீகல் வைத்திருப்பவருக்கு: அதற்கு இதே முறை, ஆனால் ஒன்று சுலபம். வரிசை எண்ணில் இருக்கும் எழுத்துகளை வைத்து ஆண்டை, சில சமயம் மாதத்தைக்கூடச் சொல்லிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். 1996 வரை செய்தார்கள். பழைய சீகலுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் 10-க்கு 1 கலக்க வேண்டும், ஓட்டிய சீகலை எண்ணெய்ப் பிசுக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

1980-க்குப் பிந்தைய ஜான்சன் வைத்திருப்பவருக்கு: ஆங்கிலத்தில் இன்ட்ரொட்யூசஸ் (INTRODUCES) என்று பத்து எழுத்தில் ஒரு சொல், ஆண்டு அதில் ஒளிந்திருக்கிறது. முதல் எழுத்து 1, கடைசி எழுத்து 0. மாடல் பெயரின் கடைசிப் பகுதியில் இருக்கும் இரண்டு எழுத்தை இதில் வைத்துப் பாருங்கள். சி, யூ (CU) என்றால் 87, அதாவது 1987. சொல்லிக்கொடுத்தபோது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

1950-களின் 10 குதிரைத்திறன் ஜான்சன், தனி டேங்க் வகை, ஆனால் டேங்க் காணவில்லை என்பவருக்கு: டேங்க்தான் பாதி மோட்டார். அந்தக் காலத்து டேங்கில் இரட்டைக் குழாய், மோட்டாரே காற்றை உள்ளே அழுத்தி அந்த அழுத்தத்தில் பெட்ரோலை மேலே தள்ளும். சாதாரண டேங்கைச் சேர்த்தால் பெட்ரோல் வராது. ஓட்டாத மோட்டார் என்றாலும் டேங்க் இல்லாமல் முழுசு என்று சொல்ல முடியாது.

ஜூன் 18

படங்கள் கிடைத்தன. திருகுப் பள்ளங்கள் அருமை. புரொப்பல்லர் விளிம்பில் பெயிண்ட் முழுசாக இருக்கிறது. டேங்க் உள்ளே பளபளவென்று இருக்கிறது. சாய்வுத் துளைகள் தொடப்படவில்லை.

ஆனால் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கிளாம்பின் இரண்டு தட்டிலும் வட்டத் தழும்பு. எதிலோ இறுக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 18, மாலை

கேள்வி கேட்டவர் இதைப் படித்துவிட்டு வீட்டில் விசாரித்தாராம். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாராம்: வாங்கி வந்த அன்று மாமனார் அதை வீட்டுக்குள்ளேயே ஒரு மரப்பலகையில் மாட்டி வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாராம். குழந்தைகள் கயிற்றை இழுக்கப் போனபோது திட்டிவிட்டு, அன்றே திரும்பப் பெட்டியில் போட்டாராம்.

நம்புகிறேன். தழும்புக்குள் தண்ணீர்க் கறை இல்லை, துரு இல்லை, ஒரே ஒரு வட்டம்தான். பலமுறை மாட்டியிருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்கில்லாமல் இருக்கும். வாங்குகிறவரிடம் இதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். அவராகக் கண்டுபிடித்தால் 100-க்கு வந்து நிற்பார். நீங்கள் சொன்னால் நாற்காலிக் கதையோடு சேர்த்து வாங்கிப் போவார். என் 200, இப்போது 180.

ஜூன் 20

படத்தில் மோட்டார்மேல் தூசி தெரிகிறது, துடைத்துவிட்டு மறுபடி படம் எடுக்கட்டுமா என்கிறீர்கள். நிறுத்துங்கள்!

உலர்ந்த மெல்லிய துணி போதும், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதை ஏன் கத்திச் சொல்கிறேன் என்றால், ஆணி மோட்டாருக்குச் சில வருடம் கழித்து எனக்கு நிஜமாகவே ஓட்டாத மோட்டார் ஒன்று கிடைத்தது. இந்த முறை எல்லாவற்றையும் சரிபார்த்தேன், அத்தனையும் சுத்தம். சந்தோஷத்தில் பளபளப்பாக்கலாமே என்று தின்னரில் துணியை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கவரின் ஒரு பக்கம் இருந்த பெயர் துணிக்கு வந்துவிட்டது. சிவப்பு, வெள்ளை, தங்க நிறம், எல்லாம் துணியில். ஒருவரும் தொடாமல் விட்டு வைத்த மோட்டார், என் கையில் இரண்டு நொடி. அதை விற்றபோது கிடைத்தது ஓட்ட வாங்குகிறவரின் விலை. வாங்கியவர் அதில் மீன் பிடிக்கப் போகிறார், நன்றாக ஓடுகிறதாம். அதைக் கேட்டால் சந்தோஷம்தான், பாதி.

பிளக்கை மாற்ற வேண்டாம். கியர் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டாம், ஒழுகியிருந்தால் பெட்டியின் அடியில் கறை இருக்கும், அதைப் பாருங்கள். ஃப்ளைவீல் சுற்றுகிறதா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி "சிக்கியிருக்கிறதா?" என்பதுதான். ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்காதீர்கள். பிளக் இரண்டையும் கழற்றி, துளையில் சில சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நாள் ஊற விட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகக் கால் சுற்று. இம்பெல்லர் ஒட்டிக்கொண்டிருந்தால் பிடிக்கும், அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஜூன் 21

மேலே பிளக்கை மாற்ற வேண்டாம் என்றுவிட்டு அடுத்த வரியிலேயே கழற்றச் சொல்கிறேன் என்று பிடித்துவிட்டார்கள். சரிதான். கழற்றினால் அதே பிளக்கை அதே துளையில் திரும்பப் போட வேண்டும் என்று சேர்த்துப் படியுங்கள். பிளக்கில் லேசான ஸ்பேனர் தடம் விழும். அந்தத் தடத்தால் போவதைவிட, "சிக்கவில்லை, சுற்றுகிறது" என்று சொல்ல முடிவதால் வருவது அதிகம். இதில் வேறு கருத்து உள்ள சேகரிப்பாளர்கள் உண்டு, அவர்கள் தொடவே விடமாட்டார்கள். அவர்களோடு எனக்குப் பழைய சண்டை, இங்கே வேண்டாம்.

ஜூலை 2

கால் சுற்று சுற்றியதாம், அழகாக. பெட்டிக்கு அடியில் கறையும் இல்லை. கையேட்டுக்குள் உத்தரவாத அட்டை நிரப்பாமல் கிடைத்திருக்கிறது. 180-ஐ 200-க்கே திருப்புகிறேன்.

வீட்டில் இப்போது புதுச் சிக்கல்: பேரன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறான், விற்கக் கூடாதாம். மாமியாரும் அவன் பக்கம். எனக்கு இதில் பதில் இல்லை, மேலே எழுதியது எல்லாம் விற்பவருக்கு. ஓட்டுவதாக இருந்தால் இம்பெல்லர், காயில், மிதவை, மூன்றையும் முதலில் மாற்றுங்கள், பெட்ரோலில் எண்ணெய் 24-க்கு 1 கலக்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கி எறியாமல் அதே பெட்டியில் போட்டு வையுங்கள்.

விற்பதாக இருந்தால் பெட்டியை மூட ஒட்டுநாடா போடாதீர்கள், பிரிக்கும்போது அட்டையின் எழுத்தோடு வந்துவிடும். நூல் போதும்.